பூட்டிய வரி

2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை காலை 8.20 மணிக்கு, புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில், ஆறரை மாதக் குழந்தையை எடுத்த நாற்பத்தோரு விநாடி வீடியோ ஒன்று 'காஜா மைதீன் குடும்பம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் போடப்பட்டது. ஜும்ஆ தொழுகைக்கு ஆட்கள் கிளம்புவதற்குள் முப்பத்துநான்கு பேர் அதற்கு இதயக் குறி போட்டிருந்தார்கள்.

குழந்தையின் பெயர் முகமது அஸ்வர். தூங்கி எழுந்த கண்ணோடு தாய் பவுசியாவின் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். சட்டென்று தலை முன்னால் குனிகிறது. கூடவே உடம்பும் மடிகிறது. இரண்டு கைகளும் விரிந்து எழும்பி, நெஞ்சுக்கு நேராக ஒரு விநாடி நிற்கின்றன. பிறகு நிமிர்கிறான். ஐந்தாறு விநாடி கழித்து மறுபடியும் அதே குனிவு. வீடியோவில் மொத்தம் ஆறு முறை. குழந்தையின் தாத்தா காஜா மைதீனின் குரல் பின்னால் கேட்கிறது: "பாருங்க, பாருங்க, எம் பேரன் எல்லாருக்கும் சலாம் கொடுக்குறான். வ அலைக்கும் சலாம் ராசா! வ அலைக்கும் சலாம்!"

அதே வீட்டின் மாடி அறையில் நிலோஃபர் அந்த வீடியோவை மூன்று முறை பார்த்தாள். காஜா மைதீனின் மூத்த மகள் அவள். குழந்தையின் அப்பா வாஜித்துக்கு அக்கா. வாஜித் ஷார்ஜாவில் வேலை பார்த்தான். நிலோஃபரின் கணவர் கத்தாரில் இருந்தார். முதல் இரண்டு முறை அத்தா காஜா மைதீனின் சத்தத்தோடு பார்த்தவள், மூன்றாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். சத்தம் இல்லாதபோது அது வேறொன்றாக இருந்தது.

நிலோஃபர் திருச்சியில் மைக்ரோபயாலஜி படித்தவள். மேல்படிப்புக்கு ஜெர்மனி போகலாம் என்று மூன்று வருடம் ஜெர்மன் மொழி படித்து, உயர்நிலைத் தேர்வு வரை தேறி, விசா கிடைக்காமல் நின்றுபோனவள். அந்தப் படிப்பு வீண் போகவில்லை. சென்னையில் இருந்த ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கொடுத்தது. ஜெர்மனியில் ஒரு பழைய மருத்துவமனை, வலிப்பு நோயாளிகளைப் பற்றி ஐம்பது அறுபது வருடமாக டாக்டர்கள் எழுதிவைத்த தாள்களை ஆராய்ச்சிக்காக ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தாள்கள் வாக்கியம் வாக்கியமாக உடைக்கப்பட்டு அவள் கணினிக்கு வரும். இடப்பக்கம் ஜெர்மன், வலப்பக்கம் அவள் நிரப்ப வேண்டிய ஆங்கிலம். ஒரு வரியில் ஒருவர் கை தூக்குவார், அடுத்த வரியில் இன்னொருவர் நாக்கைக் கடித்திருப்பார். முழு நோயாளி யாரையும் அவள் பார்த்ததில்லை.

வலிப்பின் அசைவுகளுக்கு ஜெர்மன் டாக்டர்கள் வைத்திருந்த பெயர்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. பார்த்ததை அப்படியே பெயராக்கியிருந்தார்கள். ஒரு கையை நீட்டி, முகத்தை அந்தக் கைப்பக்கம் திருப்பி, மற்றக் கையை மடக்கினால் அது 'ஃபெக்டர்ஷ்டெல்லுங்': வாள்வீரன் நிற்கும் நிலை. நினைவில்லாமல் விரல்கள் சட்டைப் பொத்தானையும் போர்வை நுனியையும் தேடித் தேடிப் பிடிப்பது 'நெஸ்டெல்ன்'. ஆங்கிலத்தில் அதற்குத் தடுமாற்றம் என்கிற மாதிரி ஒரு சொல்தான் பட்டியலில் கிடைத்தது. தமிழில் என்றால் நிமிண்டுவது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேனே என்று நினைத்துக்கொள்வாள்.

வலது இடது மாறிவிடக் கூடாது என்பதற்காக அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பீரோ கண்ணாடி முன்னால் போய் நின்று ஒவ்வோர் அசைவையும் தானே செய்து பார்ப்பாள். செய்து பார்த்த பிறகுதான் எழுதுவாள். ஒருநாள் அவள் வாள்வீரனாக நின்றிருந்தபோது காஜா மைதீன் மாடியேறி வந்துவிட்டார்.

"என்னம்மா, வீட்டுக்குள்ள பஸ்ஸ நிப்பாட்டுற?"

"வேலை அத்தா."

"இதுக்கா சம்பளம் தாரான்? ஐஸ் கம்பெனியில நானும் நாள் முச்சூடும் கையத் தூக்கிக்கிட்டுத்தான் நிக்கிறேன். ஒரு பய தர மாட்டேங்கிறான்."

கண்ணாடி முன் அவள் செய்து பார்க்காத ஓர் அசைவு இருந்தது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பு. ஜெர்மன் டாக்டர்கள் அதற்கு மூன்று சொல்லைக் கோத்துப் பெயர் வைத்திருந்தார்கள்: 'பிளிட்ஸ்-நிக்-சலாம்-கிராம்ப்ஃபே'. மின்னல் போல் வெட்டுவது, தலையாட்டுவது, சலாம் போடுவது. 2023 நவம்பரில் கலைச்சொல் பட்டியல் முதன்முதலாக அவளுக்கு வந்தபோது, அதற்கு நேராக ஆங்கிலத்திலும் சலாம் என்ற சொல்லே இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வருகிறவரை அமைதி உண்டாகட்டும் என்று வாழ்த்துகிற சொல்லைக் கொண்டுபோய் ஒரு குழந்தையின் நோய்க்கு வைப்பதா? சென்னை அலுவலகத்தில் அந்த வேலையை ஒருங்கிணைத்த நிலவழகனுக்கு அன்றே எழுதினாள். அவர் போனில் கூப்பிட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். இப்பல்லாம் யாரும் அப்படி எழுதுறதும் இல்ல. 'இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ்'னுதான் எழுதுறாங்க. மாத்திடலாம்."

மூன்று நாளில் மாற்றினார்கள். அதன் பிறகு அந்த ஜெர்மன் பெயர் எந்தத் தாளில் வந்தாலும் வலப்பக்கத்தில் புதுப் பெயர் தானாக விழும். பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும். பூட்டிய வரியில் கைவைக்கத் தேவையில்லை. அதோடு வழக்கமாக வரும் 'தூங்கி எழுந்ததும், தொடர்ச்சியாக' என்ற சொற்களும் முன்பே மொழிபெயர்த்தவை என்பதால் தாமாக நிரம்பிவிடும். முப்பத்தேழு குழந்தைகளின் தாள்கள் அவளைக் கடந்து போயின. ஒரு குழந்தைக்காகவும் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. பெயரை மாற்றிய அன்றிரவு சாப்பிடும்போது அத்தாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள். "ஒரு நோய்க்கு சலாம்னு பேரு வச்சிருந்தாங்க அத்தா. எடுக்கச் சொல்லிட்டேன். எடுத்துட்டாங்க." காஜா மைதீனும் சரியாகச் செய்தாய் என்றார்.

பிப்ரவரி 9 காலையில், சத்தமில்லாத வீடியோவைப் பார்த்து முடித்தபின், நிலோஃபர் கண்ணாடிக்கு எதிரே கட்டில் நுனியில் உட்கார்ந்தாள். தலையைச் சட்டென்று குனிந்தாள். உடம்பை மடக்கினாள். கைகளை விரித்துத் தூக்கி நெஞ்சுக்கு நேரே நிறுத்தினாள். கண்ணாடியில் ஒருத்தி சலாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதே கீழே இறங்கியிருக்கலாம். இருபது படிகள்தான்.

இறங்காததற்குக் காரணம் இருந்தது. டிசம்பர் மாதம் ஒரு கல்யாண வீட்டில், தன் தாயின் தங்கையான சாச்சி சம்சுன் நிஹாரின் மகள் ஓரமாக உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி உதட்டைச் சப்பிக்கொண்டு துப்பட்டா நுனியை நிமிண்டுவதைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. நிலோஃபர் சாச்சியைத் தனியே கூப்பிட்டு, ஒரு டாக்டரிடம் காட்டுவது நல்லது என்றாள். தஞ்சாவூருக்குப் போய் தலையில் ஒயர் ஒட்டிச் சோதனை எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணக் கவலை, அவ்வளவுதான். ஆனால் தஞ்சாவூர் போன செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டிவிட்டது. பெண்ணுக்கு வலிப்பாமே என்று மூன்று முறை ஆள்விட்டுக் கேட்டார்கள். கல்யாணம் எப்படியோ நடந்தது. அதற்குப் பிறகு சம்சுன் நிஹார் அக்காள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். நிலோஃபரின் தாய் இறந்த பிறகு அந்த வீட்டில் நல்லது கெட்டதற்கு முன்னால் நிற்பவளும் அவள்தான்.

அன்று காலையும் குழுவில் அவள் எழுதியிருந்தாள்: 'எல்லாரும் மாஷா அல்லாஹ் சொல்லுங்க, புள்ளைக்கு கண்ணு பட்டுரப் போவுது. நிலோஃபர் பாத்துட்டு ஒண்ணும் போடலயே. டாக்டரம்மாவுக்கு இதுலயும் நோவு தெரியுதோ?' கடைசியில் சிரித்துக் கண்ணீர் விடும் மூன்று முகங்கள். கீழே ஆறேழு பேர் அதே முகங்களைப் போட்டிருந்தார்கள்.

கைக்குழந்தைகள் பசியில் மடங்கும், பயத்தில் துள்ளும், வயிற்றில் காற்று இருந்தாலும் குனியும். தான் டாக்டர் இல்லை. நாளைக்கும் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். இப்படியெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு நிலோஃபர் முப்பத்தைந்தாவது இதயத்தைப் போட்டாள்.

அது நாளைக்கும் வந்தது. தினமும் வந்தது. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மத்தியானத் தூக்கம் கலைந்ததும் ஒரு தடவை. பார்க்க வருகிறவர்கள் குழந்தை விழிக்கும் நேரம் கேட்டு வந்தார்கள். காஜா மைதீன் ஐஸ் கம்பெனியிலிருந்து அதற்காகவே வீட்டுக்கு வந்து போனார். நிலோஃபர் அந்த நேரங்களில் மாடியில் இருந்தாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் பவுசியா குழந்தையோடு மாடிக்கு வந்தாள். கணவனின் அக்காளை அவள் லாத்தா என்று கூப்பிடுவாள்.

"இப்பல்லாம் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறதில்ல லாத்தா. முன்னாடி என்னாமாச் சிரிப்பான். குப்புற விழுந்துக்கிட்டு இருந்தான், அதையும் விட்டுட்டான். சலாம் கொடுத்து முடிச்சதும் வீல்னு அழுவுறான்."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"அறந்தாங்கியில காட்டினோம். காத்துன்னு சொல்லி மருந்து கொடுத்தாங்க."

"அந்த வீடியோவக் காட்டினியா?"

"சலாம் கொடுக்குறதையா? அத எதுக்கு லாத்தா டாக்டர்ட்ட?"

நிலோஃபர் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் அவள் முகத்தைத் தாண்டி எதையோ பார்த்தான். "தூங்கி எந்திரிச்சதும்தான் வருதா? ஒண்ணு மேல ஒண்ணா?" என்று கேட்டாள். படியில் சம்சுன் நிஹாரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன டாக்டரம்மா, புள்ளைய செக்கப் பண்றீயளா? பவுசியா, தூக்கிட்டு இங்கிட்டு வா. இவ கிட்ட ரெண்டு நிமிசம் இருந்தா ஒனக்கும் ஒரு பேரு வச்சுருவா."

பவுசியா சிரித்தாள். நிலோஃபரும் சிரித்தாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 18, திங்கட்கிழமை. நோன்பு தொடங்கி ஏழாவது நாள். மத்தியானம் மூன்றரை மணிக்கு அவளுக்கு ஒரு புதிய கோப்பு வந்தது. முன்பு வந்துபோன குழந்தைகளில் சிலரை டாக்டர்கள் பின்னால் கூப்பிட்டுப் பார்த்து எழுதிய தாள்கள் அவை. முதல் வரி பூட்டியிருந்தது. இரண்டாம் வரி பூட்டவில்லை. அதை அவள்தான் எழுத வேண்டும். எழுதினாள். 'வலிப்பு கண்ட ஆறாவது வாரத்தில் சிகிச்சை தொடங்கப்பட்டது. நான்கு வயதில் பேச்சு இல்லை.' ஆங்கிலத்தில் இரண்டும் சின்ன வாக்கியங்கள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நாட்களை எண்ணினாள். பிப்ரவரி ஒன்பதிலிருந்து அன்றைக்கு முப்பத்தெட்டு நாள். ஆறாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

கணினியை மூடாமல் கீழே இறங்கினாள். அடுப்படியில் சம்சுன் நிஹார் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். பவுசியா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பவுசியா, புள்ளையத் தூக்கு. தஞ்சாவூர் போவணும்."

"என்ன லாத்தா, இப்பவா?"

"அது சலாம் இல்ல. வலிப்பு."

சம்சுன் நிஹார் கரண்டியைக் கையில் வைத்தபடியே திரும்பினாள். "வாயக் கழுவுடி. நோன்பு வச்ச வாயி. எம் மவளச் சொல்லி ஊரு சிரிக்க வச்சே. இப்ப பச்ச மண்ணா?"

"அன்னிக்குத் தப்பாச் சொன்னேன் சாச்சி. இதைச் சரியாச் சொல்றேன். தப்பா இருந்தா தெருவுல நிக்க வச்சு ஏசுங்க. இப்பப் போவ விடுங்க."

கூடத்தில் படுத்திருந்த காஜா மைதீன் எழுந்து வந்தார். "ஏம்மா, ஜெர்மன்காரன் ஏதோ நோவுக்கு சலாம்னு பேரு வச்சிருந்தான்னு சொன்னியே. அதுவா இது?"

"அதுதான் அத்தா."

"அந்தப் பேரை எடுக்கச் சொல்லிட்டேன்னியே."

"ஆமா."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கார் பிடிக்கப் போனார். சம்சுன் நிஹார் அடுப்பை அணைத்தாள். கஞ்சி பாதியில் நின்றது.

கார் பட்டுக்கோட்டை தாண்டியது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்தது. விழித்ததும் தலை குனிந்தது, கைகள் எழும்பின. பவுசியா அவனை இறுகப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். பிடிக்குள்ளேயே குனிந்தான். பதினொரு முறை. அது முடிந்து அவன் அழுகையும் ஓய்ந்த பிறகு அவள் கேட்டாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும் லாத்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் படித்தேன் என்றால் நம்பியிருப்பாள்.

"மொத நாளே."

பவுசியா குழந்தையை நிலோஃபர் பக்கத்துத் தோளிலிருந்து எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரத்தநாடு அருகே நோன்பு திறக்கும் நேரம் வந்தது. காஜா மைதீன் முன்சீட்டிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை நீட்டினார். மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

தஞ்சாவூரில் குழந்தைகள் நரம்பியல் பார்க்கும் ஒரு தனியார் டாக்டரம்மா வீடியோவை ஒரே முறை பார்த்தார். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"இது எப்ப எடுத்தது?"

"பிப்ரவரி ஒன்பது" என்றாள் நிலோஃபர்.

டாக்டர் மேசைக் காலண்டரைப் பார்த்தார். மறுநாள் காலை குழந்தையின் தலையில் ஒயர்கள் ஒட்டிச் சோதனை எடுத்தார்கள். தாளில் கோடுகள் ஒழுங்கேயில்லாமல் குலைந்து ஓடின. சந்தேகத்துக்கு இடமில்லை என்றார் டாக்டர். அன்றே ஊசி தொடங்கினார்கள்.

"இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ்னு சொல்லுவோம். பழைய புத்தகத்துல இதுக்கு சலாம்னே பேரு. நான் படிக்கும்போது எங்க பேராசிரியர் எந்திரிச்சு நின்னு, குனிஞ்சு, கையத் தூக்கிக் காட்டினார். அதுலேர்ந்து எங்க பார்த்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

நிலோஃபர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?" என்று கேட்டாள் பவுசியா.

"மொத ரெண்டு வாரத்துல வந்திருந்தா நல்லாத் தேறுறதுக்கு வாய்ப்பு கூடுதல். இவனுக்கு எவ்வளவு கூடியிருக்கும்னு கேட்டா, அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா."

அந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டர் ஆறுதலாகத்தான் சொன்னார். நிலோஃபருக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. தன்னால் இவ்வளவு போயிற்று என்று ஓர் அளவு தெரிந்தால், அந்த அளவுக்கு அழுதுவிட்டு எழுந்துவிடலாம்.

அன்று மாலை ஷார்ஜாவிலிருந்து வாஜித் கூப்பிட்டான். அத்தாவிடமும் மனைவியிடமும் பேசிவிட்டு, அக்காளிடம் போனைக் கொடுக்கச் சொன்னான்.

"அந்த வீடியோவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஹார்ட் போட்டிருக்கே."

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டேவா?"

"சாச்சி கேலி பண்ணினாங்கடா. அன்னிக்கு மாதிரி ஆயிருமோன்னு..."

"சாச்சிக்குத் தெரியாது. அத்தாவுக்குத் தெரியாது. பவுசியாவுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்" என்றான். சத்தம் போடவில்லை. போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசியதில்லை.

ஊசி தொடங்கிய பதினோராம் நாள் குனிவது நின்றது. ஊசியால் குழந்தையின் முகம் ஊதி, பார்க்க வேறு பிள்ளை போல ஆகியிருந்தான். பெருநாளன்று சம்சுன் நிஹார் வந்து நிலோஃபரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். புதுத் துணி கொடுத்தாள். கேலியாக ஒரு வார்த்தையாவது சொல்லமாட்டாளா என்று நிலோஃபருக்கு இருந்தது.

ஏப்ரலில் அவள் நிலவழகனுக்கு மறுபடி எழுதினாள். பழைய பெயரையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும், அடிக்குறிப்பாகவாவது போட வேண்டும் என்று கேட்டாள். அவர் போனில் கூப்பிட்டார்.

"நீங்கதானே மேடம் எடுக்கச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பு."

"பட்டியல் குளோஸ் ஆயிருச்சே. முதல் பகுதி அனுப்பியும் ஆச்சு. கேட்டுப் பார்க்கிறேன்."

கேட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து, மாற்ற முடியாது என்று ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. நிலோஃபர் வேலையை விடவில்லை. அசைவுகளைக் கண்ணாடி முன் செய்து பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

2025 ஜூலையில் முகமது அஸ்வருக்கு இரண்டு வயது நிறைந்தது. வலிப்பு திரும்ப வரவில்லை. எதையாவது பிடித்துக்கொண்டால் நிற்கிறான், நடக்கவில்லை. பேச்சு இன்னும் வரவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பவுசியா அவனைப் பயிற்சிக்காக பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போகிறாள். துணைக்கு காஜா மைதீன் போகிறார்.